நோக்கத்தின்படி

தார்த்து நகரில் மார்ச் மாதம் இன்னும் பனிக்காலம்தான்.
எமயோகி ஆற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தோல்.
இருதயப் பிரிவின் கடைசி அறையில்
நான் மாத்திரை எண்ணுகிறேன்.
திரும்பி வந்த அட்டைகள், காலிக் குழிகள்,
மிச்சம் ஏழு என்றால் ஏன் ஏழு என்று ஒரு படிவம்.
ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு என்பது
எங்கள் வேலைக்காகவே சொன்னது போல் இருக்கும்.

மாடிக்கு மாடி ஒரு கேள்வி நடக்கிறது இங்கே.
தீவிர சிகிச்சையில், ஜன்னல் திரையை விலக்கி வைத்தால்
வயதானவர்கள் இரவில் பிதற்றுவது குறையுமா.
எலும்புப் பிரிவில், முட்டியைத் திறந்து சரிசெய்தவரும்
தோலை மட்டும் கீறித் தைக்கப்பட்டவரும்
ஒரே வேகத்தில் படி ஏறுவார்களா.
குழந்தைகள் பிரிவில் என்ன கேள்வி என்று தெரியாது.
அந்த டாக்டர் லிஃப்டில் என்னிடம் பேசுவதில்லை.

எங்கள் கேள்வி சின்னது:
வீங்கிய கால், இளைக்கும் மூச்சு, ஒரு வெள்ளை மாத்திரை.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
கணினி சீட்டுக் குலுக்கியது.
கொடுக்கும் எனக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.
இரண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு
நாடி பார்க்கும் விளையாட்டு.

பங்கேற்பாளர் 0417.
கால்யோ. எல்வா ரயில் நிலையத்தில்
முப்பத்தொரு வருஷம் கைகாட்டி வேலை.
அட்டையில் ஒரு மாத்திரைகூட மிச்சம் வைத்ததில்லை.
பக்கத்தில் மனைவி லெய்டா, மடியில் கையுறை.
அவளுக்கும் அதே வீக்கம், அதே மூச்சு.
சிறுநீரக எண் இருபத்தெட்டு.
முப்பதுக்குக் கீழே என்றால் சேர்ப்பதில்லை.
அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டியது நான்தான்.

ஆறாம் வருகை. கேள்வித்தாள்.
தலைசுற்றல்? இல்லை.
வறட்டு இருமல்? இல்லை.
வாயில் உலோகச் சுவை?
இல்லை என்றார் கால்யோ.
"எனக்கு இருக்கு" என்றாள் லெய்டா,
ஜன்னலைப் பார்த்தபடி.
"டீ குடிச்சா கரண்டியைக் குடிச்ச மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு ரேடியேட்டர் மட்டும் பேசியது.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் கொஞ்சம் வெள்ளைத் தூள்.
நகவெட்டியால் பாதியாக்கினாராம்.
"நாப்பத்தாறு வருஷமா எங்களுக்கு எல்லாமே சரிபாதிதான்," என்றார்.
"சில நாள் பெரிய துண்டு அவளுக்கு."

அழகான பேச்சு.
நான் படிவம் ஒன்பதை எடுத்தேன்.
விதிமீறல். தேதி. விவரம்.
லெய்டாவை அப்போதே ரத்தம் எடுக்க அனுப்பினேன்.
இருபத்தெட்டு இருபத்திரண்டு ஆகியிருந்தது.
அந்த வரியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை.
இதைச் சொன்னபோது கால்யோ தன் கைகளைப் பார்த்தார்,
தப்பான தண்டவாளத்தில் வண்டியை விட்டுவிட்டவர் போல.

ஐந்து வாரத்தில் எண் இருபத்தாறுக்கு ஏறியது.
அதற்கு மேல் வரவில்லை.

"என் பேரை அடிச்சிடுவீங்களா?"
மாட்டோம்.
இதைத்தான் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.
கடைசிக் கணக்கில்
யார் எதை விழுங்கினார் என்று பார்ப்பதில்லை,
யாருக்கு எது விழுந்ததோ அதன்படிதான்.
பாதி தின்றாலும் முழுசு,
புறாவுக்குப் போட்டாலும் முழுசு.
நோக்கத்தின்படி என்று அதற்குப் பெயர்.
"அப்ப இவ?"
என்று லெய்டாவின் முழங்கையைத் தொட்டார்.
அவள் எங்கள் கணினியில் இல்லை.
படிவம் ஒன்பதில், விவரம் என்ற கட்டத்துக்குள்,
"வீட்டிலுள்ள ஒருவர்" என்று இருக்கிறாள்.

போன மாதம் முடிவு வெளிவந்தது.
மருந்து கொஞ்சம் நல்லது. கொஞ்சம்தான்.
இரண்டாம் படத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காகிதத்தை மூக்கருகில் வைத்துத் தேடினேன்.
எந்தப் புள்ளியும் மற்றதைவிடப் பாதியாக இல்லை.

கேன்டீனில் டீ ஆறிப்போயிருந்தது.
கரண்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் குடித்தேன்.